படிவத்தின் ஏழாவது கேள்வி

கொரோனா காலத்தில் எங்கள் உதைபந்தாட்டக் கழகம் ஒரு பருவம் முழுவதையும் விளையாடி முடித்தது. அந்தப் பருவத்தில் அணியின் பாதுகாப்புப் பொறுப்பாளர் நான். பதுளை பஸாரில் எங்களுக்கு மருந்துக்கடை இருந்தது. நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்க்கும் வெப்பமானி கழகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது. எனக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

எங்களுடையது சம்பளம் வாங்கி விளையாடுகிறவர்களின் லீக். பார்வையாளர் இல்லாத மைதானத்தில் ஆட்டம். ஆட்டம் இல்லாத நாட்களில் வெளியார் யாரும் நுழையாத முகாம். தெமோதரைப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் வராமல் பூட்டிக் கிடந்த ஒரு விடுதியை முகாமாக எடுத்தோம். வாசலில் கை கழுவக் குழாய் போட்டேன், கிருமிநாசினி வைத்தேன். என் மனைவி விடவில்லை. வேப்பிலைக் கொத்தையும் கட்டினேன். அதைப் பார்த்த நாளிலிருந்து பையன்கள் எனக்கு முதுகுக்குப் பின்னால் 'வேப்பிலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

நான் கொஞ்சம் முன்கோபி. கடையில் நாற்பது வருடம் நின்றவனுக்கு அது வராமல் இருக்காது. போத்தல் விஷயத்தில்தான் அதிகம் கத்தினேன். லீக் அனுப்பிய விதிப்புத்தகத்தில், ஒவ்வொரு வீரருக்கும் இலக்கமிட்ட தனிப் போத்தல் என்று இருந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் வாய் வைத்துக் குடித்தார்கள்; போத்தல் மாறினால் கத்து அவர்களுக்குத்தான். பதுளைப் பையன்களும் தேயிலைத் தோட்டத்துப் பையன்களும் பிறந்ததிலிருந்து அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். யாருடைய போத்தல் கைக்கு வந்தாலும் உதடு படாமல் ஊற்றிக்கொள்வார்கள். அவர்களை நான் கண்டுகொள்ளவில்லை. எச்சில் படாவிட்டால் நோய் ஒட்டாது என்பது எனக்குள் அப்படி ஊறியிருந்தது. அதே நேரம் பண்டாரவளைக் குளிருக்குப் பயந்து பஸ் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, இருபத்தைந்து பேரும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போவோம். நானும் தாளம் போட்டேன். மூச்சில் வரும் நோயை எச்சிலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் கோல்காப்பாளர் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். இருபத்து நாலு வயது. நின்ற இடத்திலேயே கோலின் மேல் கம்பத்தைத் தொடும் கை. தாய் கொழுந்து பறிக்கிறவர். தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் தூசிக்குள் காலம் தள்ளி, நெஞ்சு கெட்டு வீட்டோடு இருந்தவர். முகாமுக்கு வந்த முதல் நாளே, வெப்பமானிக்கு நெற்றியைக் குனிந்து காட்டியபடி என்னிடம் சொன்னான்.

"எங்கப்பாவுக்கு நெஞ்சு சரியில்லைங்க மொதலாளி. இந்தக் கொரோனா வருத்தம் வந்தா தாங்க மாட்டாரு. இங்கேருந்து நான் எதையும் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிரக் கூடாதுங்க."

"அது என் பொறுப்பு தம்பி. நீ பந்தைப் பாரு" என்றேன்.

அவன் பந்தைப் பார்த்தான். முதல் ஐந்து ஆட்டங்களில் இரண்டே இரண்டு கோல்தான் விட்டான். தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் போன் எடுக்காது. கோயிலுக்கு மேலே இருக்கும் பெரிய கல்லில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஆட்டம் நடக்கும் நாட்களில் பாதித் தோட்டம் அந்தக் கல்லில் உட்கார்ந்து ஒரே போனில் பார்க்கிறதாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் கொஞ்சம் வாய் விட்டுச் சிரிப்பான்.

ஆறாவது ஆட்டத்துக்கு முதல் நாள் காலை. விடுதி முற்றத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு எல்லோருக்கும் அன்டிஜன் பரிசோதனை செய்தோம். கோல்காப்பாளனின் பட்டையில் மட்டும் இரண்டு கோடு விழுந்தது. இரண்டாவது தடவை பார்த்தோம், அப்போதும் இரண்டு கோடு. காய்ச்சல் கூட இல்லை. எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் இருந்துதான் என்று நினைக்கிறேன்.

விதி இதுதான். தொற்று உள்ள ஒருவரை முகாமுக்குள் வைத்திருந்தால் அணி முழுவதும் இரண்டு வாரம் முடங்க வேண்டும். ஆட்டங்கள் எதிரணிக்குப் போய்விடும். அரசாங்கச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம், ஆனால் அங்கே கட்டில் இல்லை, மூன்று நாள் பொறுங்கள் என்றார்கள். மூன்றாவது வழி வீடு. வீடு தகுந்தது என்று பாதுகாப்புப் பொறுப்பாளர் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால், நோயாளியை அன்றே அனுப்பிவிட்டு மற்றவர்கள் மறுநாள் விளையாடலாம். நாங்கள் அப்போது புள்ளிப் பட்டியலில் முதலாவதாக இருந்தோம்.

படிவத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தின் இந்தப் பக்கம் நின்றேன். அவன் அந்தப் பக்கம் தனி நாற்காலியில். நடுவில் மொத்த அணியும். முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவதால் சத்தமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஏழாவது கேள்வி: நோயாளிக்குக் காற்றோட்டமுள்ள தனி அறையும் தனிக் கழிப்பறையும் உண்டா?

"தம்பி, வீட்டில தனி ரூம் இருக்கா?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு நடுவில் உட்கார்ந்திருந்த கொழும்புப் பையன்களைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

"இருக்குங்க மொதலாளி."

"டொய்லட்டு?"

"இருக்குங்க."

இரண்டு இடத்திலும் சரி அடையாளம் போட்டேன். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் அதற்குள் எட்டாவது கேள்விக்குப் போய்விட்டேன். சுகாதாரப் பரிசோதகர் தொலைபேசியில், "முதலாளி பார்த்துச் சொன்னால் சரிதான்" என்றார். நான் பார்க்கவில்லை, கேட்டேன். அந்த வித்தியாசத்தை அவருக்கு நான் சொல்லவில்லை.

இதில் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். எங்கள் கடைக்கு வரும் தோட்டத்து ஆட்கள் என்னிடம் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். போன முறை கொடுத்த மாத்திரையை முழுசாகக் குடித்தீர்களா என்றால், "ஆமாங்க". பாதி மாத்திரை பைக்குள் இருக்கும். முதலாளி முகம் கோணக் கூடாது என்பதற்காகச் சொல்கிற ஆமாங்க அது. இது எனக்குத் தெரியும். அதனால் கடையில் நான் அந்தப் பதிலோடு விட்டதே கிடையாது. "மிச்சம் எத்தனை இருக்கு, காட்டுங்க" என்று வேறு வழியில் கேட்பேன். அன்றைக்கு மட்டும், வீட்டில் எத்தனை பேர், யார் யார் எங்கே படுப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்பட்ட பதில் கிடைத்துவிட்டது.

ஜன்னல் எல்லாம் திறந்த வேனில் அவனை அனுப்பினோம். வேன் ஏறாத கடைசி இரண்டு மைலை, கையுறைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்து போனானாம்.

மறுநாள் வென்றோம். இடைவேளையில் என் போனைப் பார்த்தபோது அவனிடமிருந்து இரண்டு தவறிய அழைப்பு. ஸ்கோர் கேட்கத்தான் எடுத்திருப்பான் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்ததும், 'இரண்டுக்குப் பூச்சியம். வென்றோம். நல்லா ஓய்வெடு தம்பி' என்று செய்தி அனுப்பினேன். அவனிடமிருந்து பதில் வந்தது: 'சந்தோஷங்க மொதலாளி.'

மூன்று வாரம் கழித்து, மைதானத்துக்குப் புறப்படும்போது பஸ் படியில் வைத்துப் பயிற்றுவிப்பாளர் சொன்னார்.

"நம்ம கீப்பரோட அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் இறந்துட்டாராம். கொரோனா."

என் வாயிலிருந்து முதலில் வந்தது, "அவருக்கு ஏற்கனவே நெஞ்சு வருத்தம் இருந்ததுதானே?" என்பதுதான். பயிற்றுவிப்பாளர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அந்தச் சரி அடையாளத்தை நினைத்து வெட்கப்படுவதை விட, இந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நான் அதிகம் வெட்கப்படுகிறேன். அன்று பஸ் ஜன்னல்களை நானே ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தேன். யாரும் பாடவில்லை. மைதானத்தில் ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றோம்.

அந்த நாட்களின் விதிப்படி உடலை லயத்துக்குக் கொண்டுபோக விடவில்லை. தோட்டத்து மனிதரைத் தேயிலைக்கு நடுவில் புதைப்பதுதான் வழக்கம். அவரைப் பதுளையிலேயே எரித்தார்கள். மகனும் இன்னும் இரண்டு பேரும் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அவன் திரும்பி வந்தான். வாசலில் வழக்கம் போல நெற்றியைக் குனிந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் பிடித்ததில் வெப்பமானி சரியாகக் காட்டவில்லை; இன்னொரு தடவை பிடிக்க வேண்டி வந்தது. பொறுமையாக நின்றான். முதலாம் இலக்கப் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவன் அந்த இரண்டு ஆட்டத்தையும் நன்றாகவே விளையாடினான்.

பருவம் முடிந்ததும் லீக் எங்களுக்கு ஒரு சான்றிதழ் தந்தது. பருவம் முழுவதும் முகாமுக்குள் ஒரு தொற்றாளரும் தங்கியிருக்காத அணி என்று அதில் அச்சடித்திருந்தது. பொய் இல்லை. தொற்று வந்தவனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டேனே. மேடையேறி அதை வாங்கியது நான்தான், கை தட்டினார்கள். என் மனைவி சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு கழற்றி மாத்திரைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு மடுல்சீமைக்கு பஸ் ஏறினேன்.

அவன் அப்போது பயிற்சிக்காகக் கொழும்பில் இருந்தான். அது தெரிந்துதான் போனேன். அவன் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. தாய் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க மொதலாளி. உள்ள வாங்க."

தோட்டத் திருவிழாக்களுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். முற்றத்தில் நாற்காலி போடுவார்கள், உட்காருவேன், தேத்தண்ணி குடிப்பேன், வந்துவிடுவேன். லயத்து வீடொன்றுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. முன்னால் இஸ்தோப்பு என்கிற குட்டித் தாழ்வாரம். அதைத் தாண்டினால் காம்பரா என்கிற ஒரே ஒரு அறை. பின்னால் அடுப்படி, அடுப்படிக்குப் பின்கதவு கிடையாது, வெறும் சுவர். அந்த ஒரு காம்பராவில் ஆறு பேர் இருந்திருக்கிறார்கள். கழிப்பறை லயத்தின் கோடியில், நாலு வீட்டுக்கு ஒன்று.

"அவன் இஸ்தோப்புலதாங்க இருந்தான். சாக்கை மறைப்பாக் கட்டிக்கிட்டான். அப்பாவை வெளிய விடாதீங்கன்னான்" என்றார் தாய். "ஆனா வெளிக்குப் போறதுன்னா அவரு இஸ்தோப்பு வழியாத்தானே போகணும். ரெண்டாம் நாளு மழை. காய்ச்சல்ல புள்ள நடுங்குறான். பெத்தவ நான் எப்படிங்க பாத்துக்கிட்டு இருப்பேன். உள்ள இழுத்துட்டேன்."

அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அது என்னால் தாங்க முடியாமல் போனது.

"இல்லைங்கம்மா. நான்தான் தப்பு செஞ்சேன். நான் ரூம் இருக்கான்னு கேட்டேன், தம்பி இருக்குன்னு சொன்னான். நான் அதோட விட்டுட்டேன்."

"அத்தன பேரு முன்னால கேட்டா வேற என்னங்க சொல்லுவான்" என்றார். குரலில் கோபம் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுத்தார்.

குடித்து முடித்ததும் பஸ் ரோட்டு வரைக்கும் கூடவே வந்தார். வழியில், கோயிலுக்குக் கீழே, நீல வண்ணம் பூசிய ஒரு தனிக் கட்டடம். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா அது. கதவில் பூட்டுத் தொங்கியது. அதன் முன்னால் நின்றார்.

"கொரோனா வந்ததுலேர்ந்து பூட்டித்தாங்க கெடக்கு. அவன் வந்த மறுநாளே போயி, இதுல இருந்துக்கிறேன்னு தூரத்துல நின்னு கேட்டான். டவுன்லேர்ந்து பெரியவங்க யாராவது தோட்டத்துத் தொரைக்கிட்ட ஒரு வார்த்தை பேசுனா சாவி தாறோம்னு ஆபிஸ்ல சொல்லிட்டாங்க. ஒங்களைத்தான் பேசச் சொல்றேன்னு அந்தக் கல்லு மேல ஏறினான். ரெண்டு தடவ எடுத்தானாம். நீங்க வெளையாட்டுல இருந்திருப்பீங்க."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்காகச் சமாதானம் சொல்வது போலத்தான் இருந்தது. மேலே அந்தக் கல்லைப் பார்த்தேன். நல்ல செங்குத்து. சுகமாக இருக்கிறவனுக்கே மூச்சு வாங்கும்.

ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்தேன். விசாலமான ஓர் அறை. தொட்டில் சேலைகளைச் சுருட்டி உத்தரத்தில் செருகியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல். பின்சுவரில் ஒரு கதவு, அதற்கு அப்பால் கழிப்பறை. ஏழாவது கேள்வி கேட்டதெல்லாம் அங்கே இருந்தது.