றெஜினா ரீச்சரின் அடிக்கோடுகள்

"அம்மா காலமை மோசம் போட்டா, மாஸ்ரர்" என்று றெஜினா ரீச்சரின் மகள் ஜெனி தொலைபேசியில் மரணச் செய்தி சொன்னபோது, ரீச்சரும் நானும் சேர்ந்து எழுதிய கணினி நிரல் என் முன்னால் திறந்திருந்தது. அதை மூடவும் தோன்றாமல் நெடுநேரம் இருந்தேன்.

ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் கணினியும் நான் கணிதமும் படிப்பித்தோம். ஓய்வுக்குப் பிறகு அவர் பருத்தித்துறையிலும் நான் உரும்பிராயிலும் இருந்தோம். நோயாளர் வீடுகளுக்குச் சக்கர நாற்காலியும் கட்டிலும் இரவல் கொடுக்கும் எங்கள் சிறு குழுவை, அதன் அங்கத்தவர்களான நீங்கள் அறிவீர்கள். எந்தப் பொருள் எந்த வீட்டில் இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று சொல்லும் நிரல் எங்கள் இருவருடையது. தொலைபேசியில் கதைத்துக் கதைத்தே அதை எழுதினோம்.

நிரல் எழுதாதவர்களுக்காக ஓர் உதாரணம். நிரலில் ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயருக்குள் இடைவெளி விட முடியாது. 'திரும்ப வரும் நாள்' என்பதை ரீச்சர் ஆங்கில எழுத்தில், சொல்லுக்குச் சொல் நடுவே அடிக்கோடு போட்டு எழுதுவார். தமிழில் காட்டினால் இப்படி: திரும்ப_வரும்_நாள். நானோ கணிதக்காரன். எக்ஸ், வை என்று ஓரெழுத்தில் முடிப்பேன்.

"உங்கடை பிள்ளையளுக்கும் எக்ஸ், வை எண்டோ பேர் வைச்சனீங்கள்?" என்று ரீச்சர் கேட்டார்.

அதன்பின் நானும் முழுப் பெயர் எழுதத் தொடங்கினேன். ஆனால் சொற்களை ஒட்டியே எழுதினேன்.

"உங்கடை பேருகள் கோடு கோடாய் ஏணி மாதிரிக் கிடக்கு, ரீச்சர்" என்றேன் ஒருநாள்.

"ஏணி எண்டால் ஏறலாம்தானே, மாஸ்ரர். ஒரு கோடு போடுறதிலை உங்களுக்கு என்ன நட்டம்?"

நட்டம் ஒன்றுமில்லை. வீம்புதான். கடைசியில், அவரவர் எழுதிய பகுதியில் அவரவர் முறை, மற்றவர் கைவைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டோம்.

சென்ற ஆண்டு ரீச்சர் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த ஒப்பந்தத்தை மீறினேன். அவருடைய பகுதியில் இருந்த அடிக்கோடுகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் நீக்கினேன். நிரல் முன்போலவே ஓடியது. எனக்கு அது வீடு கூட்டி முடித்ததுபோல இருந்தது. அவர் வீடு திரும்பியதும், "எல்லாத்தையும் ஒரே சீராக்கிப்போட்டன், ரீச்சர்" என்று பெருமையோடு சொன்னேன்.

"சரி, மாஸ்ரர். நல்லது" என்றார்.

அதற்குப் பிறகு எந்தத் திருத்தத்துக்கு அழைத்தாலும், "நீங்களே பாருங்கோ" என்பார். நானும் வற்புறுத்தவில்லை. குழுக் கூட்டத்தில் அவரைப் பற்றிக் கேட்டீர்கள். "ரீச்சருக்கு இப்ப ஆர்வம் குறைஞ்சுபோச்சு" என்று சொன்னேன். சிலர் தலையாட்டினீர்கள்.

செத்தவீட்டுச் சடங்குகள் முடிந்து சில நாட்களின் பின் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். ரீச்சரின் கணினியை எடுத்துப்போகும்படி ஜெனி சொன்னாள். "திரை மட்டும் பழுது, மாஸ்ரர். அம்மாவுக்கு அது தேவைப்படேல்லை. அதாலை நாங்களும் மாத்தேல்லை."

"ஏன் தேவைப்படேல்லை?"

"அம்மாவுக்குக் கடைசிக் காலத்திலை கண் தெரியாதே. சீனி வருத்தம், நீரிழிவு. கொம்பியூட்டர் வாசிக்கக் கேட்டுத்தான் எழுதினவ. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

கண் கொஞ்சம் மங்கல் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார். ஜெனி கணினியைத் திறந்து ஒரு விசையை அழுத்தினாள். ஆங்கிலம் வாசிக்கப் பழகிய அந்தக் குரல் நான் ஒட்டிவிட்ட பெயர்களை வாசித்தது. வாய் நிறையச் சோற்றோடு ஒருவர் கதைப்பதுபோல இருந்தது. ஒரு பெயர்கூட எனக்கு விளங்கவில்லை. பழைய பிரதி ஒன்றையும் வாசிக்க வைத்தாள். கோடு வந்த இடமெல்லாம் குரல் நின்று நின்று போனது. உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் திரும்ப, வரும், நாள் என்று காதில் தனித்தனியே விழுந்தது.

"பேருகளை மாத்தினாப் பிறகு ஒண்டும் விளங்கேல்லை எண்டு நிப்பாட்டிப்போட்டா. மாஸ்ரர் ஆசையாச் செய்தவர், சொன்னால் மனம் நோகும் எண்டவ."

ஜெனியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் தந்த தேநீரைக் குடிக்காமலே எழும்பிவிட்டேன்.

சொற்களை ஒட்ட ஒரு கட்டளை போதுமாயிருந்தது. பிரிப்பதற்கு அப்படி ஒரு கட்டளை இல்லை. எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று கணினிக்குத் தெரியாது. பழைய பிரதியை அப்படியே எடுக்கவும் முடியாது, அதற்குப் பிறகு நிரல் நிறைய மாறிவிட்டது. ஒவ்வொரு பெயராகக் கையால் பிரித்து, ரீச்சரின் கோடுகளைத் திரும்பப் போட்டேன். என் பகுதியிலும் போட்டேன். இனி இது யார் காதுக்கு என்ற கேள்வி ஒவ்வொரு கோட்டிலும் வந்தது.

கூட்டத்தில் தலையாட்டியவர்களே, நான் அன்று சொன்னது பிழை. றெஜினா ரீச்சருக்கு ஆர்வம் குறையவில்லை. அவர் போய்வந்த வழியை அடைத்தவன் நான். அடைத்துவிட்டு, அவர் வருவதில்லை என்று உங்களிடம் குறை சொன்னவனும் நான்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சின்னக் கோட்டை. நேற்று நிரலில் புதிதாக ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. சொல்லுக்குச் சொல் கோடு போட்டு எழுதினேன். பிறகு திரையை அணைத்துவிட்டு, கணினியை வாசிக்க விட்டுக் கேட்டேன். விளங்கியது.