படுத்தபடியே கடல் கடந்து வந்த அக்கா

என் அக்காவால் அரை மணித்தியாலத்துக்கு மேல் உட்கார முடியாது. நிற்பாள், நடப்பாள், படுப்பாள். உட்கார்ந்தால் மட்டும் இடுப்பிலிருந்து குதிகால் வரை நெருப்பு ஓடுகிறது என்பாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியகல்லாற்றில் எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு ஷெல் விழுந்தது. அதன் சிறு துண்டொன்று அவளுடைய முதுகெலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. அன்றைக்குத் தெருவை மறித்திருந்தார்கள். தோணியில் கிடத்தி, வாவியைக் கடந்துதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துண்டை எடுக்கப் போனால் காலுக்கு ஆபத்து என்று டொக்டர்மார் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போகும்போது அவளுக்கு வயசு குறைவு. ஊசியும் குளிசையுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அங்கே செய்த ஒப்பரேசனால் நடை நேரானது, ஆனால் உட்காருவது அரை மணித்தியாலத்துக்குக் குறைந்துபோனது. ‘இனிப் பிளேன் பயணத்தை மறந்துவிடு’ என்று அங்குள்ள டொக்டர் சொல்லிவிட்டாராம். அம்மாவைக் கூப்பிடலாம் என்று விண்ணப்பித்தால் விசா கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. அதன்பிறகு அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வெறும் குரல்தான். மாதத்துக்கு ஒருமுறை கல்முனையில் உள்ள ஒரு தொலைபேசிக் கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போவேன். அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்பார். பிறகு இருவரும் பேசாமல் இருப்பார்கள். கடைக்காரருக்கு மட்டும் நேரம் ஓடும்.

நான் அப்போது மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே ஓடிய ஒரு பஸ்ஸில் கொண்டக்டர். போர்நிறுத்தம் என்று சொல்லிக்கொண்ட காலம். தெருவில் ஆமியின் சென்றிக் காவல்கள் இருந்தன, ஆனால் இறங்கி நடக்கச் சொல்வது குறைந்திருந்தது. அப்படி ஒருநாள் அக்கா தொலைபேசியில் சொன்னாள்.

"தம்பி, நான் வாறன்."

"எப்பிடி அக்கா? இருக்க ஏலாதெண்டு சொன்னாய்."

"படுத்துக்கொண்டு வாறன். பிஸ்னஸ் கிளாஸில சீற்றை நீட்டிவிட்டாக் கட்டில் மாதிரி வருமாம்."

"அதுக்குக் காணி விக்க வேணுமே."

"காசில்லை. மைல்ஸ்ல வாறன்."

எனக்குத் தெரிந்த மைல் தெருவோரத்தில் நிற்கும் மைல்கட்டைதான். ஆகவே கேட்டேன்: "நீதான் எங்கயும் போகல்லியே. போகாத ஆளுக்கு ஆர் மைல் தாறது?"

அக்கா சிரித்தாள். அவளிடம் ஒரு கிறெடிட் காட் இருந்தது. அதால் என்ன வாங்கினாலும், அரிசி வாங்கினாலும் வெங்காயம் வாங்கினாலும், கணக்கில் புள்ளி ஏறும். அந்தப் புள்ளியை விமானக் கம்பனியின் மைலாக மாற்றலாம். மைல் போதுமான அளவு சேர்ந்தால் அதைக் கொடுத்து ரிக்கற் எடுக்கலாம். அவள் சொல்லச் சொல்ல நான் "ஓம், ஓம்" என்று கேட்டேன். உண்மையில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெங்காயம் வாங்கிய ஒருத்தியை ஏன் விமானத்தில் கட்டில் போட்டுக் கொண்டுவருகிறார்கள்? வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அங்கத்தைக் கடைக்காரர் நல்ல மனிசர் போல" என்றார்.

மைல் இருந்தாலும் கட்டில் உடனே கிடைக்கவில்லை. ஒவ்வொரு விமானத்திலும் மைலுக்கென்று ஒன்றிரண்டு இடம்தான் திறப்பார்களாம். அக்காவின் மகள் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து மாதக் கணக்காகத் தேடினாள். தை மாதத்தில் இல்லை, சித்திரையில் இல்லை. கடைசியில் ஆவணியில் ஒரு வழி கிடைத்தது. தொரொன்ரோவிலிருந்து ஐரோப்பா, அங்கிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து திரும்பிக் கொழும்பு.

"எங்கட நாட்டுக்கு மேலால போய்ப் பிறகு திரும்பியா வாறாய்?" என்று கேட்டேன்.

"அந்த வழியிலதான் கட்டில் இரிக்கி" என்றாள் அக்கா. "கட்டில் போற வழியில நானும் போவேண்டியதுதான்."

அவளைக் கூட்டிவர ஏறாவூர் முஸ்லிம் நானா ஒருவரை வாகனத்துக்குப் பேசினேன். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கட்டுநாயக்காவுக்கு ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். அக்காவின் நிலைமையைச் சொன்னதும் வேறெதுவும் கேட்காமல் தன் வான் வண்டியின் நடுச் சீற்றுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பலகை அடித்து, மேலே புது மெத்தை ஒன்றைப் போட்டிருந்தார். "பிளேனில மெத்தையில வந்த புள்ள எண்ட வண்டியில தகரத்தில கிடக்கிறதா?" என்றார்.

விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் இடத்தில் இருவரும் நின்றோம். நீண்ட தூரம் வந்தவர்களின் முகங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிவந்து, முடி கலைந்து, கால் வீங்கிச் செருப்பை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பாதி உலகத்தைச் சுற்றி வருகிறவள் எப்படி வரப்போகிறாளோ என்று நினைத்தேன். சக்கர நாற்காலி ஒன்று வந்தபோது ஓடினேன். அதில் வேறு யாரோ இருந்தார்கள்.

அக்கா நடந்து வந்தாள். நேராக, மெதுவாக, ஒரு கையில் பையுடன். நன்றாக நித்திரை கொண்டு எழுந்தவளின் முகம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை, வியப்புத்தான் வந்தது. அவள் என் தலையைத் தடவி, "நரைச்சுப் போச்சுடா" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதேன். நானா வேறு பக்கம் திரும்பி நின்றார்.

நானாவின் வண்டியில் அவள் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் தரையில் இருந்தேன். பொலன்னறுவையைத் தாண்டிக் காடு தொடங்கிய இடத்தில் ஒரு சென்றியில் மறித்தார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன் கதவைத் திறந்து பார்த்தான். உள்ளே மெத்தையில் ஒரு பெண்.

"ஏன் இவங்க படுக்கிறது? சுகமில்லையா? காயமா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். காயம் என்றால் இயக்கத்தில் சண்டை போட்டவளோ என்று சந்தேகம் வரும், அந்தத் தெருவில் அது ஆபத்தான சொல். நானா சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் அக்கா தானாகவே இறங்கி நின்று, கனடாப் பாஸ்போட்டையும் பயணச்சீட்டின் துண்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

அவன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டான். நானா மொழிபெயர்த்தார்: "பிஸ்னஸ் கிளாஸில உண்மையாப் படுக்கலாமா எண்டு கேக்கிறார். அவர்ட அக்காவும் குவைத்தில வேலையாம். போகேக்குள்ள கால் வீங்கிப் போச்செண்டு கடிதம் போட்டதாம்."

"படுக்கலாம் எண்டு சொல்லுங்க" என்றாள் அக்கா. "வெள்ளைத் துணி விரிச்சு, தலகணி தந்து, போர்த்தும் விடுவாங்கள்."

நானா சொன்னார். அந்தப் பொடியன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு, அந்தக் காட்டு வெயிலில் ஒரு நிமிடம் சிரித்தபடி நின்றான். பிறகு துண்டைப் பத்திரமாக மடித்துக் கொடுத்து, அக்கா திரும்ப ஏறிப் படுக்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேற்கொண்டு எதையும் கிளறிப் பார்க்கவில்லை. வான் கிளம்பிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் நாங்கள் மூவரும் மூச்சு விட்டோம்.

பொழுது சாய்வதற்குள் கல்லாற்றுக்கு வந்துவிட்டோம். அம்மா வாசல் படலையில் நின்றார். அக்கா இறங்கியதும் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். அம்மா அவளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்னால் போய் நின்று, சட்டைக்கு மேலால் முதுகைத் தொட்டு அந்த ஷெல் துண்டைத் தேடினார். "இதிலயா மனே?" என்று மகளைக் கேட்டார். "இல்லம்மா, கொஞ்சம் கீழ" என்று அக்கா அம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அப்படியே இருவரும் நின்றார்கள். அயலவர்கள் வேலிக்கு அப்பால் கூடிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து வீடு நிறையச் சனம். அக்கா மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பாள், அம்மா அவளுக்குப் பக்கத்தில் படுத்திருப்பார், வந்தவர்கள் சுற்றி இருப்பார்கள். எல்லாருக்கும் அந்தக் கட்டிலைப் பற்றித்தான் அறிய வேண்டும். முழுக்கக் கால் நீட்டலாமா? பக்கத்தில் அந்நிய ஆம்பிளை படுப்பானா? விழுந்துவிடமாட்டோமா? அக்கா பொறுமையாகச் சொல்லுவாள். விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும், அந்த நேரம் உயிர் போகும். பிறகு ஒரு பொத்தானை அமத்தினால் கதிரை மெல்ல மெல்ல நீளும்.

"ஒரு பெட்டை வந்து எனக்கு முன்னால முழங்காலில இருந்து, எண்ட பேரைச் சொல்லி, வேறென்ன வேணுமெண்டு கேட்டுது. நான் ஒண்டும் வேணாமெண்டிட்டன். இவ்வளவு காலம் நான் பெரிய மனிசருக்குச் சமைச்சுக் குடுத்தனான், என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை. போர்வைக்குள்ள முகத்தை மூடிக்கொண்டு அழுதிட்டு, அப்பிடியே நித்திரையாகிட்டன்."

சிங்கப்பூருக்குப் போகும் வழியில் முன்னாலிருந்த திரையில் விமானம் போகும் பாதை தெரிந்ததாம். கீழே வங்காள விரிகுடா. அதன் ஓரத்தில் ஒரு துளியாக எங்கள் நாடு. கல்லாறு அதில் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே படுத்திருந்தாளாம், விமானம் கடந்து போகும் வரை.

அப்போதுதான் மூலையில் இருந்த பக்கத்து வீட்டு அன்ரி, "இவ்வளவு மைலும் வெங்காயத்திலயா புள்ள வந்தது?" என்று கேட்டார்.

அக்கா அன்ரியின் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு சொன்னாள். அவள் வீட்டிலிருந்தபடி சாப்பாடு செய்து கொடுப்பவள். நிற்கத்தானே முடியும், அடுப்படியில் நிற்கலாம். அந்த வருமானத்தில் சேரும் மைலுக்கு ஆயுள் போதாது. தொரொன்ரோவிலிருந்த எங்கள் ஊர்ச் சனத்துக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர் மகளின் கலியாண மண்டபத்துக்கு அக்காவின் கிறெடிட் காட்டைக் கொடுத்து, காசை அன்றைக்கே அவள் கையில் தந்தார். இன்னொருவர் பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்குக்குப் புடவைகளை அதிலேயே எடுத்தார். பிறந்தநாள், குடிபுகல், ஒரு செத்தவீட்டுச் செலவு கூட. காசு அவரவருடையது. மைல் மட்டும் அக்காவுக்கு.

"ஒருத்தரும் எனக்குத் தந்ததெண்டு சொல்லயில்லை" என்றாள் அக்கா. "உண்ட காட்டை ஒருக்கால் தாவன் எண்டுதான் கேப்பாங்க. அவங்கட நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்துதான் என்னை இஞ்ச தூக்கிக்கொண்டு வந்தது."

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்ன பெயர்களெல்லாம் எங்களுக்குத் தெரிந்தவை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள், தம்பிமார், மருமக்கள். ஊரைவிட்டு ஓடியவர்கள் என்று எங்களில் சிலர் கோபமாகப் பேசியவர்களும் அதில் இருந்தார்கள். அன்ரி தன் மகனின் பெயரைச் சொல்லி, "அவனுமா?" என்று கேட்டார். "ஓம் அன்ரி. அவன்ட மகன் பிறந்த முப்பத்தொண்டுக்கு" என்றாள் அக்கா. அன்ரி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மகனிடமிருந்து அவருக்கு நீண்ட காலமாகக் கடிதம் வந்ததில்லை. பேரன் பிறந்ததே அந்த நிமிடத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது.

அக்கா ஒரு மாதம் நின்றாள். காலையில் அம்மாவும் அவளும் கடற்கரைக்கு நடப்பார்கள், வந்து படுப்பார்கள், பேசுவார்கள், திரும்ப நடப்பார்கள். தொலைபேசியில் பேசாமல் விட்ட எல்லாவற்றையும் அந்தப் பாயில் கிடந்து பேசி முடித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவள் போன அடுத்தடுத்த வருடங்களில் சண்டை திரும்ப மூண்டது. எங்கள் பாதை மூடப்பட்டது, பஸ் நின்றது. அம்மா நித்திரையில் போனபோது அக்காவால் வர முடியவில்லை. மைல் இருந்தது, வழி இல்லை.

செத்தவீட்டுக்கு மறுநாள் அவள் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "அம்மா எப்பிடிக் கிடந்தவ?"

"வலப் பக்கம் சரிஞ்சு, கால நீட்டி, நல்ல நித்திரை மாதிரி" என்றேன்.

"அது காணும் தம்பி, போதும்" என்றாள். அன்றைக்கு அவள் அழவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி ரிசீவரை என்னிடமிருந்து வாங்கி, தன் பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டானா என்று அவளிடம் விசாரித்தார்.