கன்றாக நின்ற அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவர்களில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவன் என்பதால் இதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அவருடைய பெருமைகளோடு என் தவறு ஒன்றையும் எழுதாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

அக்கா ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் பிறந்தார். திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டு, சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்து, குழந்தை இல்லாமல் திரும்பி வந்தார். சீதனமாகப் போன பசுவும் அவருடனேயே நடந்து வந்தது. அதன் பாலை விற்றுத்தான் என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தார்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த மழைக்காலத்தில் பசு ஈன்ற கன்று அன்றே இறந்துபோனது. கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் எங்கள் பசு பால் விடாது. இறந்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து, அதைப் பசுவின்முன் நிறுத்திக் கறப்பது அந்நாளைய பால்காரர்கள் வழக்கம். தோலை உரிக்க ஆள் வந்தபோது அக்கா மறித்தார்.

"வாயில்லாத சீவன ஏமாத்தி அந்தப் பால ஊருக்கு ஊத்தணுமா? கெளம்புய்யா."

கன்றைத் தாமே தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் வந்து பசுவின் அருகே உட்கார்ந்தார். பசு அவர் கையை முகர்ந்தது. பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நக்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் மடியிலிருந்து பால் தானாகச் சொட்டியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? சொம்ப எடுத்தா."

மறுநாளும் அப்படியே. மனிதன் மாட்டைப் பழக்கிய வரலாற்றைக் கல்லூரியில் படித்திருந்தேன். மாடு ஒரு மனுஷியைக் கன்றாக ஏற்கும் என்று எனக்குத் தெரியாது. அது ஏமாறவில்லை. அக்கா யாரென்று தெரிந்தேதான் ஏற்றது. இந்த வயதிலும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

சில மாதங்களில் எனக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. "சார் மேல சாணி வாசன வருதே, பால்கார வூடா?" என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சிரித்தார். பெண் வீட்டாரும் பார்க்க வருவதாக இருந்தது. அக்கா தண்டையார்பேட்டையில் ஒரு பிரசவத்துக்கு உதவப் போயிருந்த நாளில், கொருக்குப்பேட்டைப் பால்காரர் ஒருவருக்குப் பசுவை விற்றுவிட்டேன்.

திரும்பி வந்த அக்கா வெறுங்கொட்டகையைப் பார்த்தார். "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார்.

சில நாளில் பால்காரர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா நைனா, மாட்டக் குடுத்தியா, பேஜாரக் குடுத்தியா? கிட்ட போனா ஒதைக்குது. தோல்கன்னு வெச்சுப் பாத்தேன், மூஞ்சத் திருப்பிக்குது. இப்டியே போனா அடிமாட்டுக்குத்தான் தள்ளணும்."

அக்கா உள்ளேயிருந்து வந்தார். "தள்ளாத. காலைல நான் வரேன்."

அன்றிலிருந்து விடியும் முன்பே தண்டவாளத்தை ஒட்டிக் கொருக்குப்பேட்டைக்கு நடந்தார். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அக்கா தெருமுனையில் வரும்போதே, அத்தனை மாடுகளில் எங்கள் பசு மட்டும் எழுந்து நின்று குரல் கொடுத்தது. அக்கா கையை நீட்டினார். பால்காரர் கறந்துகொண்டே கேட்டார்:

"ஏம்மா, போன ஜென்மத்துல இதுக்குப் பொறந்தியா?"

"இந்த ஜென்மத்துலயே அதான். வாய மூடிக்கினு கறய்யா."

நான் உள்ளே போகவில்லை. அன்றே பசுவைத் திருப்பி வாங்கியிருக்கலாம். கல்யாணம் முடியட்டும் என்று வந்துவிட்டேன். முடிந்த பிறகும் கேட்கவில்லை. உறவினர் விசாரித்தபோது, என் கல்யாணத்துக்காக அக்காவே விற்றார் என்றேன். பக்கத்தில் இருந்த அக்கா மறுக்கவில்லை.

பால் வற்றிய பிறகும் அவர் போய்வந்தார். அடுத்த ஆண்டு ஒரு காலையில் சீக்கிரமே திரும்பினார்.

"கன்னு போட்டுடுச்சு. நல்லா கீது. கைய நீட்டினேன், மோந்துட்டு வுட்டுடுச்சு. இனிமே நான் போவ வேணாம்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அதன்பின் என் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தார். பசுவைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

கடைசி நாட்களில் அக்காவைத் தாங்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிய மருமகள்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், தோள்கொடுத்த எங்கள் சந்து இளைஞர்களுக்கும் நன்றி. பசுவை விற்ற வீட்டுப் பெண்ணுக்கு விடியற்காலைதோறும் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்ட அந்தப் பால்காரருக்கும், அவரும் மறைந்துவிட்ட இன்று, நன்றி. உறவினர்கள் இனி அந்தப் பசுவைப் பற்றிப் பேச நேர்ந்தால், அது அக்காவுடையது, தம்பி கேட்காமல் விற்றான் என்றே சொல்லுங்கள்.