வல்லிபுரத்தார் சுருட்டுக்கடை இருந்த இடம்

புத்தூரை விட்டு ஒரு மைல் நடந்த பிறகுதான் கிழக்கு வெளுத்தது. பின்னால் துலாக்களின் கிறீச்சொலி கேட்டுக்கொண்டே வந்தது. மூன்றரை மாதம் நானும் அவற்றில் ஒன்றின்மேல் ஏறி, முன்னும் பின்னும் நடந்து, புகையிலைக்கு நீர் இறைத்தேன். அந்தப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: துலா என்பது கிணற்றுக்கு மேலே கிடக்கும் நீண்ட மரம். ஒருவன் அதன்மேல் நடக்க, மற்றவன் கீழே நின்று நீர் மொண்டு வரும் ஓலைப்பட்டையைக் கவிழ்ப்பான். கால் பிசகினால் கிணற்றுக்குள் விழவேண்டியதுதான். எனக்குப் பிசகவில்லை. இரண்டு வேளையும் சோறு ஒழுங்காகக் கிடைத்ததால், வழக்கத்தைவிட அதிக நாள் தங்கிவிட்டேன். புகையிலை வெட்டி முடிந்ததும் வேலையும் முடிந்தது. அன்று பங்குனி பத்து.

புத்தூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் ஒன்பது மைல். பஸ்ஸுக்குப் பதினைந்து சதம். கால் இருக்கிறவனுக்கு அது வீண் செலவு என்பது அன்றுவரை என் எண்ணம். கோப்பாயில் மூன்று சதத்துக்குத் தேநீர் குடித்தேன். நல்லூர் தாண்டும்போது வெயில் தோளில் ஏறியிருந்தது.

நான் போய்க்கொண்டிருந்தது பெரியகடைக்கு. அங்கே வல்லிபுரத்தாரின் சுருட்டுக்கடை இருந்தது. எனக்கு வீடு இல்லை. ஆனால் விலாசம் இருந்தது. ‘வல்லிபுரம் சுருட்டுக்கடை, பெரியகடை’ என்று எழுதினால் எனக்குக் கடிதம் வரும். என்னைப்போல் அந்த விலாசத்தை வைத்திருந்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். தீவுப்பகுதியிலிருந்து வந்து போகிறவர்கள், வண்டிக்காரர், வன்னியில் மரம் தறிக்கிறவர்கள். வெறும் சுருட்டுப் பெட்டி ஒன்றில் கடிதங்களைப் போட்டுவைப்பார் வல்லிபுரத்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கிருந்தாலும் வந்து அந்தப் பெட்டியைக் கிளறிப் பார்ப்பேன். என் தங்கை பூமணி மலாயாவில் சிரம்பானில் இருக்கிறாள். அவள் கலியாணம் முடித்துக் கப்பலேறியபோது நான் அனுராதபுரக் காட்டில் மரம் தறித்துக்கொண்டிருந்தேன், வழியனுப்பப் போகவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, போன ஆவணியில்தான் அவளுக்கு ஒரு கடிதம் போட்டேன். ஊருக்கு வருவதானால் கடைக்கு எழுது என்று.

ஒன்பது மணிக்குப் பெரியகடையை அடைந்தேன். தெரு பழைய தெருதான்; கடைகள்தான் மாறியிருந்தன. பித்தளைப் பாத்திரக்கடை இருந்த இடத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக நின்றன. கொப்பறா மண்டி பாதியாகக் குறுகி, மற்றப் பாதியில் மூக்குக்கண்ணாடி விற்றார்கள். வல்லிபுரத்தார் கடையின் பலகைக் கதவுகளைக் காணவில்லை. அங்கே இரும்புக் கிறாதி, புதுச் சுண்ணாம்பு, ஒரு வங்கியின் பெயர்ப்பலகை. சரியான இடந்தானா என்று சந்தேகப்பட்டுச் சுவரோரம் போனேன். சுண்ணாம்பையும் மீறிப் புகையிலை மணத்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் சிறாப்பர் இருந்தார். வங்கியில் காசை எண்ணி வாங்கிக் கொடுக்கும் உத்தியோகத்தரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் கால் புழுதியைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

“என்ன காணும் வேணும்?”

“இஞ்சை இருந்த சுருட்டுக்கடை எங்கை போட்டுது, ஐயா? எனக்குக் கடிதம் ஏதும் வந்ததோ? செல்லையா எண்ட பேருக்கு.”

அவர் கொப்பியைப் புரட்டினார். “ஒண்டு வந்திருக்கு. மலாயா முத்திரை. மார்கழியிலை வந்தது.”

கையை நீட்டினேன்.

“கையை நீட்டினால் தரேலுமோ? இரும்புப் பெட்டிக்கை பத்திரமாய்க் கிடக்கு. செல்லையா எண்டு பத்துப் பேர் வருவினம். உறையிலை வல்லிபுரம் எண்டவரின்ரை பேர் இருக்கு. அவர் வந்து உம்மை அடையாளம் சொல்லிக் கையெழுத்து வைச்சால் தருவன். மூண்டு மணிக்குப் பூட்டிப்போடுவம்.”

அவரில் கெட்ட குணம் ஒன்றும் இல்லை. தன் சொந்தக் கடிதத்தையும் அவர் அப்படித்தான் பூட்டிவைத்திருப்பார்.

வல்லிபுரத்தார் குருநகர் மீன்சந்தைப் பக்கம் இருப்பதாகக் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். அங்கிருந்து ஒரு மைல்; விசாரித்துக் கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. சந்தையில் ஆள் குறைந்திருந்தது. கிழக்கு ஓரத்தில் ஓலைக்கொட்டில் ஒன்றின்கீழ், ஒரு பலகையில் ஏழெட்டுச் சுருட்டுக் கட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு வல்லிபுரத்தார் இருந்தார். நெற்றியில் திருநீறு. பக்கத்தில் மரியம்மா என்ற பெண் பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செதில் அவருடைய பலகைவரை தெறித்தது.

“எட, செல்லையா! உயிரோடை இருக்கிறியோ?”

“சைவக்காரர் மீன் சந்தையிலை என்ன செய்யிறியள், அண்ணை?”

“மணத்தைச் சாப்பிடுறார்,” என்றாள் மரியம்மா. “கறிக்குக் காசு மிச்சம்.”

அவர் சிரிக்கவில்லை. கட்டிடத்தின் சொந்தக்காரர் இரட்டை வாடகைக்கு வங்கியை வைத்துவிட்டாராம். பதினைந்து நாளில் எழும்பு என்றாராம். “கடை குருநகர்ச் சந்தைக்குப் போட்டுது எண்டு சுவரிலை கரியாலை எழுதிப்போட்டுத்தான் வந்தனான். அடுத்த கிழமையே வெள்ளை அடிச்சுப்போட்டாங்கள்.”

நான் கடித விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“அந்தப் படியிலை இனிக் கால் வைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். முப்பது வரியம் நான் கூட்டின படி. என்னைக் கேளாதை.”

“அண்ணை, தங்கச்சியின்ரை கடிதம்.”

“கேளாதை எண்டிட்டன்.”

மணிக்கூட்டுக் கோபுரமோ மணிக்கூடோ இல்லாத இடம். நிழலைப் பார்த்து ஒரு மணி என்று நினைத்தேன். வற்புறுத்தத் தெரியாதவன் நான். அவருடைய பலகைக்கு முன்னால் குந்திக்கொண்டேன். கடைசியில் மரியம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“உம்மடை கால் என்ன தங்கக்காலோ? படியிலை வையாட்டி விடும். றோட்டிலை நிண்டு சொல்லும், உவன்தான் ஆள் எண்டு. றோட்டு ராசாவின்ரை. உம்மடை சுருட்டை நான் பாக்கிறன்.”

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வல்லிபுரத்தார் வீதியின் நடுவில் நின்றார். ஒரு மாட்டுவண்டிக்காரன் ஏசிக்கொண்டு விலத்திப் போனான். நான் உள்ளே போய்ச் சொன்னேன். சிறாப்பர் வாசலுக்கு வந்து, “உள்ளை வாருமன்,” என்று கூப்பிட்டார். வல்லிபுரத்தார் அசையவில்லை. “உவன் செல்லையா. இருவது வரியமாய்த் தெரியும். காணுமோ?” என்றார்.

சிறாப்பர் கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, அவரே படியிறங்கி வெயிலுக்கு வந்தார். வல்லிபுரத்தார் வீதியில் நின்றபடி கையெழுத்து வைத்தார்.

நான் நாலாம் வகுப்புப் படித்தவன், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வீதியோரத்திலேயே வாய்விட்டு வாசித்தேன்.

‘அண்ணை, தையிலே நானும் பிள்ளைகளும் வருகிறோம். தெல்லிப்பழையில் இவருடைய ஆட்கள் வீட்டில் நிற்போம். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. நான் கடைக்கு வந்து பார்க்கிறேன். மாசி இருபத்தைந்து திரும்பப் பயணம். பிள்ளைகள் மாமாவைக் கேட்கிறார்கள்.’

சிறாப்பர் உள்ளே போகாமல் நின்றார். “இரண்டு பிள்ளையளோடை ஒரு பெம்பிளை வந்தவ,” என்றார் மெதுவாக. “சிவப்புக் குடை. சுருட்டுக்கடை எங்கை எண்டு கேட்டவ. இது வங்கி எண்டு சொன்னன். பிறகும் ஒருநாள் வந்தவ. படியிலை கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போனவ.” கொப்பியை மூடிக்கொண்டு, “கடிதத்தை நான் பிரிக்கேல்லை. எனக்கெப்பிடித் தெரியும்?” என்றார்.

அவருக்குத் தெரியாதுதான். அவள் அந்தப் படியில் இருந்தபோது நான் துலாவில் நடந்துகொண்டிருந்தேன். ஒன்பது மைல். பதினைந்து சதம்.

வல்லிபுரத்தார் மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுக் குருநகர்ப் பக்கம் நடந்தார். பிறகு மற்றவர்களின் கடிதங்களைப் பற்றிக் கேட்டேன். இன்னும் பதினொன்று இருப்பதாகச் சிறாப்பர் சொன்னார். “ஆக்கள் வந்து கேக்கினம். எனக்கு ஒருத்தரையும் தெரியாது,” என்றார். பிறகு தயங்கி, “வாசலிலை நிண்டவன் கொழும்புக்குப் போட்டான். மாசம் பன்னிரண்டு ரூபாய். காக்கிச் சட்டை நாங்கள் தருவம். நிக்கிறீரோ?” என்று கேட்டார்.

வேலைக்குக் கூப்பிட்டவுடன் ‘ஓம்’ என்று சொன்னவன் அல்லன் நான். இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். அன்று உடனே சொன்னேன். அந்தப் படியை விட்டால் பூமணி எனக்கு எழுத வேறு விலாசம் இல்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு, கைகள் நீளமான ஒரு காக்கிச் சட்டையுடன் கிறாதியை இழுத்துத் திறந்து, படியைக் கூட்டினேன். ஒன்பது மணிபோல வேலணைத் தீவு ஆள் ஒருவர் ஈரவேட்டியோடு வந்து, பெயர்ப்பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, இஞ்சை ஒரு சுருட்டுக்கடை...”

“ஓம், அண்ணை, இதுதான்,” என்றேன். “உங்கடை பேரைச் சொல்லுங்கோ.”