நாலு மணி நேரம் எந்தப் பக்கத்தில்?

அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் துறை அலுவலகத்துக் குமாஸ்தா. சமூகப்பணித் துறையில் பதினாறு வருடமாக ஒப்பந்த ஆய்வாளராகவே இருக்கும் ஒருத்தியைப் பேராசிரியர் என்றும் சொல்ல முடியவில்லை, மாணவி என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் "சான்றிதழக்கா" என்று ஆரம்பித்தார். பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கோபத்தைக் கையாள்வது எப்படி என்ற இரண்டு நாள் பயிற்சிக்கும் அவளிடம் ஒரு சான்றிதழ் இருந்தது.

மேசையின் கீழறையில், பிளாஸ்டிக் உறைக்குள், மொத்தம் இருபத்தேழு. நிதி விண்ணப்பம் எழுதுவது எப்படி என்பதற்கு ஒன்று. வெற்றி பெறும் நிதி விண்ணப்பம் எழுதுவது எப்படி என்பதற்கு ஒன்று. மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திரும்ப எழுதுவதற்கு ஒன்று, மறுக்கப்பட்ட பிறகு மனம் தளராமல் இருப்பதற்கு இன்னொன்று. இத்தனை பயிற்சி பெற்றவளுக்கு எத்தனை முறை நிதி கிடைத்தது என்று கேட்டுவிடாதீர்கள். நீச்சல் வகுப்புக்கு இருபத்தேழு தடவை போயும் தண்ணீரில் கால் வைக்காதவள் அவள்.

ஆனால் ஆய்வு நல்ல ஆய்வு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. எட்டு வருடத்துக்கு முன்னால், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு பெண்களை அக்கா தேடிப் பிடித்தாள். ஒவ்வொருத்தர் வீட்டிலும் போய் உட்கார்ந்து, என்னென்ன செய்கிறார்கள் என்று குறிப்பெடுத்தாள். அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரே ஒரு யோசனை பிறந்தது. வாரத்துக்கு நாலு மணி நேரம் வேறொரு ஆள் வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நாலு மணி நேரத்தில் அந்தப் பெண் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். ஒரு வருடம் கழித்து அவள் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம்.

பன்னிரண்டு பேரில் ஏழாவது ஆள் தையல்காரம்மா. அவர் கணவர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து பேச்சும் போய், வலது கை மட்டும் மிச்சமிருந்தது. ஒரே அறை. இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் தையல் மெஷின். கணவரின் வலது மணிக்கட்டிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு வந்து, மெஷினில் நூல்கண்டு செருகும் கம்பியில் கட்டியிருந்த ஒரு சின்ன மணியில் முடியும். அவர் கையை அசைத்தால் மணி அடிக்கும். தண்ணீர் வேண்டும், புரண்டு படுக்க வேண்டும், முகத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே மணி. எதற்கு என்று தையல்காரம்மா போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எண்ணினாள். மணி பதினோரு தடவை அடித்தது. 'பதினோரு முறை எழுந்தார்' என்று எழுதிக்கொண்டாள். பன்னிரண்டாவது தடவை அடிப்பதற்குள் தையல்காரம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"டீச்சர், நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் இவரைப் பாத்துக்குங்களேன். தெருமுனைக் கடையில நூல் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

அக்காவுக்கு எழுந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் 'கள ஆய்வில் தூரம் காத்தல்' என்ற பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ஆய்வாளர் உதவி செய்யக் கூடாது, உதவி செய்தால் தரவு கெட்டுவிடும் என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே தரவு கெடாமல் காப்பாற்றினாள். நூல் இல்லாமல் ஒரு ரவிக்கை அரைகுறையாகக் கிடந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. அதை மறைக்க, கிளம்பும்போது ஒரு வாக்குக் கொடுத்தாள். நிதி வந்ததும் வாரத்துக்கு நாலு மணி நேரம் ஆள் அனுப்புகிறேன், முதல் வீடு உங்கள் வீடுதான் என்றாள்.

அன்றிலிருந்து தையல்காரம்மா அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றே ஒன்று. "நாலு மணி நேரம் எப்போ வரும் டீச்சர்?"

எப்படி வரும்? முதல் விண்ணப்பத்துக்கு வந்த பதிலில், உங்கள் யோசனை மிகச் சிறப்பானது, வருந்துகிறோம் என்று இருந்தது. இரண்டாவது பதிலில் சிறப்பு குறைந்து வருத்தம் கூடியிருந்தது. மூன்றாவதில்தான் காரணம் சொன்னார்கள். தொழில்திறன் மேம்பாட்டுக்கு என்று ஒதுக்கியிருந்த மதிப்பெண்களில் அக்காவுக்குப் பாதிகூட வரவில்லையாம். நிதி வேண்டுமென்றால் பயிற்சி வேண்டும். சரி என்று பயிற்சிக்குக் கிளம்பினாள்.

அந்தப் பயிற்சிகளைப் பற்றித் தனியாக ஒரு புலம்பல் புலம்பலாம். எல்லா ஊர்க் கூட்ட அறையும் ஒரே மாதிரி. உள்ளே நுழைந்ததும் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஒரு மரமாக இருந்தால் என்ன மரமாக இருப்பீர்கள் என்று கேட்கச் சொல்வார்கள். ஐம்பது வயதுப் பேராசிரியர் எழுந்து வாழைமரம் என்பார், எல்லாரும் கை தட்டுவார்கள். மஞ்சள் சீட்டில் கனவை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் 'நாலு மணி நேரம்' என்று எழுதி ஒட்டினாள். மாலையில் கூட்டுகிறவர் வந்து கனவுகளையெல்லாம் கிழித்துக் குப்பையில் போடுவார்.

ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் விண்ணப்பத்தில் ஒரு திருத்தம் நடக்கும். 'பெண்கள்' என்று எழுதாதீர்கள், 'முதன்மைப் பராமரிப்பாளர்கள்' என்று எழுதுங்கள் என்றார் ஒருவர். தையல்காரம்மா 'தகவலாளி ஏழு' ஆனார். கயிறும் மணியும் 'குறைந்த செலவுத் தொடர்பு உத்தி' ஆயின. நாலு மணி நேரம் ஆள் அனுப்புவது சேவை, நாங்கள் சேவைக்கு நிதி தருவதில்லை, ஆய்வுக்குத்தான் தருவோம் என்றார் இன்னொருவர். அக்கா அந்த வரியைச் சுருக்கினாள். பிறகு அடிக்குறிப்புக்குத் தள்ளினாள். ஒருநாள் பக்க வரம்பு மீறுகிறது என்று அடிக்குறிப்புகளையெல்லாம் எடுக்கச் சொன்னார்கள்.

இதற்குள் அக்காவுக்கு நாற்பத்து நாலு முடியப்போகிறது. 'இளம் ஆய்வாளர்' நிதிக்கு நாற்பத்தைந்துதான் எல்லை. தலைச்சாயம் போட்டாவது இளமையைக் காப்பாற்றலாம், பிறந்த தேதிக்கு என்ன பூசுவது? இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஆய்வுப் பிரிவு இயக்குநரிடம் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துவிட்டு, எல்லாம் இருக்கிறது, பயிற்சிப் பட்டறை மட்டும் இல்லை என்றார். பட்டறை இல்லாத திட்டத்துக்கு மதிப்பெண்ணே கிடையாதாம். பன்னிரண்டு பராமரிப்பாளர்களுக்கும் மூன்று நாள் பயிற்சி, 'தன்னைத் தானே பேணுதல்', தினமும் பத்து மணி முதல் இரண்டு மணி வரை என்று அவரே பேனாவை எடுத்துச் செருகினார். அக்கா தலையாட்டினாள். தலையாட்டுவதற்கு மட்டும் அவள் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை, தானாகவே வந்தது.

இந்தத் தடவை நிதி கிடைத்துவிட்டது.

குமாஸ்தா எழுந்து நின்று கை கொடுத்தார். அக்கா அன்று சாயங்காலமே தையல்காரம்மா வீட்டுக்கு ஓடினாள். அனுமதிக் கடிதத்தையும் விண்ணப்பத்தையும் ஜாக்கெட் துணிகளுக்கு நடுவே விரித்து வைத்தாள். தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி முப்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினார். நடுவில் இரண்டு தடவை மணி அடித்தது, எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"நாலு மணி நேரம் எந்தப் பக்கத்துல டீச்சர்?"

அக்கா காட்டுவதற்காகப் பக்கத்தைத் திருப்பினாள். முன்னால் திருப்பினாள், பின்னால் திருப்பினாள். எட்டு வருடம் எதற்காக அலைந்தாளோ அது அதில் இல்லை. ஒவ்வொரு வரியாக அவளேதான் எடுத்திருந்தாள்.

"உங்களுக்கு மூணு நாள் பயிற்சி இருக்கும்மா" என்றாள் ஈனஸ்வரத்தில்.

"நான் வந்தா இவரை யாரு பாத்துப்பாங்க?"

மறுநாள் அக்கா போய் அதே கேள்வியை இயக்குநரிடம் வைத்தாள். பத்து நிமிடம்கூட வீட்டை விட்டு வர முடியாதவர்களைப் பற்றித்தான் ஆய்வு, அவர்களை எப்படி மூன்று நாள் மண்டபத்துக்கு வரச் சொல்வது என்று கேட்டாள். அவர் யோசித்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கு நிதி ஒதுக்கீட்டில் இடமில்லை, ஆனால் பயிற்சியைக் கைவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும் என்றார். வராதவர்கள் நாற்காலியில் முதலாண்டு மாணவிகளை உட்காரவைத்துவிடலாம், புகைப்படத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னார். வரவேற்புரையை மட்டும் நீங்களே பேசிவிடுங்கள் என்றார்.

பயிற்சி நாள் காலை ஒன்பதரைக்கு அக்கா தையல்காரம்மா வீட்டு வாசலில் நின்றாள். கையில் நோட்டுப் புத்தகம் இல்லை.

"நீங்க போய்ட்டு வாங்கம்மா. நான் கயிறைப் பாத்துக்கறேன்."

தையல்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். தண்ணீர் ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும், புரட்டும்போது இடது தோளைத் தாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லி, வாசல்வரை போய்த் திரும்பி வந்து மூன்றாவது தடவையும் சொன்னார். பிறகு போனார்.

வரவேற்புரை பேச வேண்டியவளைக் காணோம் என்று பதினோரு மணிக்கு இயக்குநர் அலைபேசியில் கூப்பிட்டார். அக்கா எடுக்கவில்லை. ஒரு கையில் தண்ணீர் ஸ்பூன், இன்னொரு கை லாரிக்காரரின் தாடைக்கடியில். மணி அடித்தது. உட்கார்ந்தாள், மறுபடியும் அடித்தது. முன்பு பதினோரு முறை என்று எழுதியபோது அந்தப் பதினோரு முறைக்கு இவ்வளவு முதுகுவலி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. புரட்டத் தெரியாமல் புரட்டினாள். அவர் கண்ணை உருட்டி முறைத்தார். பேச்சு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அக்காவுக்குப் புரிந்தது. அடுத்த இரண்டு நாளும் அக்கா வந்தாள்; மூன்றாம் நாள்தான் அவர் முறைப்பதை விட்டார்.

அன்று இரண்டேகாலுக்குத் தையல்காரம்மா திரும்பி வந்தபோது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. கன்னத்தில் நாற்காலிச் சட்டத்தின் தடம் பதிந்திருந்தது.

அக்கா என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

"தெரியாது டீச்சர். முதல் நாள் கண்ணை மூடி மூச்சை இழுங்கன்னாங்க. மூடினேன். அப்புறம் மூணு நாளும் கடைசி வரிசையில தூக்கம்தான். எட்டு வருஷத்துல இப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்ல." சான்றிதழை மெஷின்மேல் வைத்தார். "ஆனா கூட இருந்ததெல்லாம் சின்னப் பொண்ணுங்க. உங்க கணக்குல இன்னும் பதினோரு பேரு இருக்காங்களே. அவங்க வீட்டுல யாரு கயிறு பிடிச்சாங்க?"

அந்தக் கேள்விக்குக் கீழறையில் இருந்த இருபத்தேழு சான்றிதழிலும் விடை இல்லை. தன் சொந்தத் திட்டத்தின் பயிற்சிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாததால், இருபத்தெட்டாவதும் அவளுக்குக் கிடைக்கவில்லை. மாணவிகள் பதினோரு பேரும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாதக் கடைசியில் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பயனடைந்தவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதினாள். எவ்வகைப் பயன் என்ற கட்டத்தில், 'நாலு மணி நேரம், மூன்று முறை. தூங்கினார்' என்று எழுதினாள். முதல் பக்கத்திலேயே வரும்படி பார்த்துக்கொண்டாள்.

இயக்குநர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். ஒன்றுக்குப் பின்னால் ஒரே ஒரு இரண்டுதானே போடச் சொல்கிறேன், பன்னிரண்டு என்று எழுதினால் என்ன என்று கேட்டார். இப்படி அனுப்பினால் அடுத்த நிதியை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அக்கா திருத்தவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார்.

"மேடம், உங்களுக்கு அறிக்கை எழுதறதுல ஒரு பயிற்சி தேவைப்படுது. செவ்வாய்க்கிழமை ஒண்ணு நடக்குது. பேர் கொடுத்துடட்டுமா?"

"செவ்வாய்க்கிழமை பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் எனக்கு வேலை இருக்கு சார்" என்றாள் அக்கா.

பன்னிரண்டு பெண்களின் பட்டியலில் முதல் பெயருக்கு எதிரே இருந்த முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.