கடைசி மருமகனும் சி மொழியும்

மென்பொருள் எழுதுகிறவள் என்றால் ஊரில் மரியாதை. மரண அறிவித்தல் போடும் மென்பொருள் என்றால் தேத்தண்ணி நீட்டிய கை கொஞ்சம் பின்வாங்கும். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலில் செத்தவரைப் பற்றி இரண்டு வரி, உயிரோடு இருப்பவர்களைப் பற்றி இருபது வரி. மகன், மகள், மருமகன், சம்பந்தி என்று ஒரு பெயர் விடுபட்டால் போதும், அடுத்த கலியாணத்துக்கு ஆளுக்காள் அழைப்புச் சொல்லமாட்டார்கள். ஆக எங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான்: பெயர் விடுபடக் கூடாது. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, அந்த ஒன்றைத்தான் நாங்கள் கெடுத்தோம்.

பறக்கும் ஆசை

அந்த மென்பொருளை நான் பைதன் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தேன். நீட்டுப் பெயர்ப் பட்டியலை வரிவரியாக மடித்துப் பக்கத்தில் வைக்கும். ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை. புதிதாகச் சேர்ந்த நிரோசனுக்கு அது பொறுக்கவில்லை. பைதன் ஒவ்வொரு வரியாக வாசித்துச் செய்வதால் ஆறுதலாம், அதாவது மெதுவாம். சி மொழியில் எழுதினால் முன்கூட்டியே இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றிவிடலாம், பறக்குமாம். என் பைதனின் நடு வயிற்றில் ஒரு துண்டு சி-யை வைத்துத் தைத்துவிட்டான்.

நாளுக்கு நாலைந்து அறிவித்தல் வருகிற இடத்தில் என்ன பறப்பு என்று முதலாளியிடம் கேட்டேன். வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொள்ள ஒரு புதுச் சொல் கிடைத்த சந்தோசத்தில் இருந்தார் அவர்.

"பிள்ளை, ஆக்கள் ஆறுதலாச் சாகலாம். எங்கடை சொஃப்ட்வெயார் ஆறுதலா ஓடக்கூடாது."

சொல்லாமல் போனது

பைதன் விழுந்தால் எந்த வரியில் கால் தடக்கியது என்று சொல்லிவிட்டுத்தான் விழும். உள்ளே இருக்கும் சி பிசகினால் பைதனையும் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு வார்த்தை இராது. நிரோசனின் தையலுக்குப் பிறகு எங்கள் சேவர் கணினி அடிக்கடி அப்படிப் போனது.

கோப்பாயில் அறிவித்தல் சேர்த்து அனுப்பும் எங்கள் முகவர் துரை அண்ணை, பாதி நிரப்பிய பக்கம் வெள்ளையாகிப்போன கோபத்தில் போன் எடுத்தார். என்ன பிழை என்று அது சொல்லவில்லையே அண்ணை என்றேன்.

"செத்த வீட்டிலை கூட, என்ன வருத்தத்தாலை போனதெண்டு கேட்டாச் சொல்லுவினம், பிள்ளை."

ரவி, ராஜன், மாலா

காரணம் எளிது. பைதன் பெயரின் நீளத்துக்கு ஏற்ப இடத்தைத் தானே விரித்துக்கொள்ளும். சி-யில் இடத்தை முன்னமே அளந்து ஒதுக்க வேண்டும். எங்கள் விண்ணன் நிரோசன் ஆங்கில எழுத்துக்கு அளந்திருந்தான். கணினிக்குள் ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் 'க'வுக்கு மூன்று மடங்கு இடம் வேண்டும், கொம்பு வைத்தால் இன்னும் கூட. மிஞ்சியது வழிந்துபோய்ச் சேவரைக் கொன்றது.

அதற்கு அவன் கண்ட வைத்தியம், இடம் முடிந்ததும் பட்டியலை வெட்டிவிடுவது. ரவி, ராஜன், மாலா என்று மூன்று பெயரைக் கொடுத்துச் சோதித்தும் காட்டினான். தகப்பன் பெயரோடு சேர்த்தால் ஒரு வரிக்குள் அடங்காத பெயர்கள் இருப்பது, உடுப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதாம்! முதலாளி உடனே அதைச் சேவரில் ஏற்றச் சொல்லிவிட்டார். பட்டியல் நீண்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"அவ்வளவு நீட்டு எங்கை அக்கா வரப்போகுது?"

வந்தது

பண்டத்தரிப்பில் ஒரு பெரியவர் காலமானார். மருமக்கள் பட்டியலில் கடைசி ஆள், கடைசி மகளின் கணவர் அந்தோனிப்பிள்ளை ஜெயசீலன். குருநகர்க் கத்தோலிக்கர், காதல் கலியாணம். 'ஆர் உவன்?' என்ற கேள்வியோடுதான் அந்தச் சைவச் சொந்தம் அவரை இவ்வளவு காலமும் படலைக்கு வெளியே வைத்திருந்தது. இப்போதுதான் அந்தக் கடைசி மகளின் மூத்த அண்ணன் மனமிரங்கி, அவருடைய பெயரையும் போடும்படி தானே சொல்லியனுப்பியிருந்தார்.

அறிவித்தலில் மற்ற மருமக்கள் முழுதாக நின்றார்கள். கடைசியில் 'அந்' என்று ஒரு துண்டு. பக்கத்தில், பாதியில் அறுந்த எழுத்துக்குக் கணினி போடுகிற கறுப்புக் கட்டம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. கடைசி மகள் போன் எடுத்தா. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"எங்கடை ஆக்கள் இவ்வளவு காலமும் வாயாலை கேட்டதை நீங்கள் அச்சிலை போட்டிட்டியள்."

குற்றவாளி

அப்போதே அந்தச் சி-யைப் பிடுங்கி எறிந்து என் பழைய பைதனைப் போட்டேன். பெயர் முழுதாக வந்தது. ஆனால் அதற்கிடையில் கேள்விக்குறி கனடா, லண்டன் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. நிரோசன் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"சி-யிலை பிழையில்லை அக்கா. தமிழ்தான் கனக்க இடம் பிடிக்குது."

அந்தியேட்டி

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கான அறிவித்தலோடு அந்த மூத்த அண்ணனே எங்கள் கந்தோர்ப் படியேறி வந்தார். ஏச வருகிறார் என்று நினைத்து முதலாளி உள்ளறைக்குள் போய்விட்டார். வீரம் எல்லாம் வேகத்தோடு சரி. வந்தவர் நீட்டிய தாளில் ஜெயசீலனின் பெயர் எல்லாருக்கும் மேலே இருந்தது. மூத்தவரின் பெயர் கடைசியில். வரிசை மாறிக் கிடக்கிறதே ஐயா என்றேன்.

"அவரின்ரை பேர் முதல் வரட்டும், தங்கச்சி. உங்கடை மெஷின் வெட்டத்தான் வேணுமெண்டால் என்ரை பேரை வெட்டட்டும்."

சி-யை வைத்து நாங்கள் மிச்சம்பிடித்த அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தைக் கேட்டு மட்டும் இன்றுவரை ஒருவரும் படியேறி வரவில்லை.