மிளகாய் வாசத்தை அளக்க வந்தவர்

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் மிளகாய் வறுக்கும் ஆலையின் நெடி பற்றி அயலவர்கள் கவுன்சிலில் முறையிட்டார்கள். அதை ஆராய நாங்கள் அமர்த்திய காற்றுத்தர ஆலோசகர் ஒரு யாழ்ப்பாணத்தவர். நரைத்த, மெலிந்த மனிதர். வேலைநாளில் உறைப்பும் கோப்பியும் தொடமாட்டார். மூக்கு மழுங்கிவிடுமாம்.

வேலியோரம் நின்று மூச்சை இழுத்தார்.

"அண்ணை, எங்கட சாப்பாட்டு வாசம்தானே. கொஞ்சம் பார்த்து எழுதுங்கோ" என்றேன்.

"எனக்கும் வாயூறுது தம்பி. ஆனா, அங்க உடுப்புக் காயப்போடுற மனிசியின்ர மூக்காலயெல்லோ நான் மணந்து பார்க்கவேணும்."

'கடும் நெடி' என்றே எழுதினார். புகைபோக்கிக்கு வடிகட்டி போடச் சொன்னார். எனக்குக் கோபம்தான்.

வேலை முடிந்தும் அவருடைய கார் நகரவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணாடிகளை முழுதும் இறக்கிவிட்டு, கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்.